எல்லார் மாடியிலும் தெரிந்த பிறை

பிப்ரவரி 26

ஹெப்சிபா மேடம் இன்று என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "உமைமா, உங்க ஏரியாக்காரங்க எல்லாருக்கும் கழுகுக் கண்ணா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழிகாட்டியே கிண்டல் செய்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

காற்றில் தூசியும் புகையும் ஏற ஏற, புதுப்பிறை கண்ணுக்கு எவ்வளவு மங்கும் என்று கணக்கிட ஒரு சூத்திரம். இரண்டு வருடமாக அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். இருக்கிற சூத்திரங்கள் எல்லாம் சுத்தமான வானத்துக்கு எழுதியவை. எங்களுக்கு மேற்கே மணலி, எண்ணெய் ஆலையும் உரத் தொழிற்சாலையும். அந்தப் பக்கம் சூரியனே பல நாள் அடிவானம் தொடும்வரை காத்திருக்காமல் பாதியில் காணாமல் போகிறது. என் கணக்குப்படி எண்ணூரில் பல மாதம் முதல் பிறை தெரியவே கூடாது. ஆனால் நோன்புக்கும் பெருநாளுக்கும் மாடியேறிப் பார்த்து வாட்ஸ்அப் குழுவில் சொல்லும் என் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், ஒவ்வொரு தடவையும், "தெரிந்தது" என்கிறார்கள். வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் அம்மா, மாத்தூரில் சித்தி மகள் நவ்ரீன், எண்ணூரில் அமீர் மாமா, எல்லாரும்.

கட்டுரையைத் திருப்பி அனுப்பிய ஆய்விதழும் அதையேதான் கேட்கிறது: பார்த்தவர்களோடு ஒத்துப்போகாத சூத்திரம் எதற்கு? ஜூன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கட்டுரையும் போச்சு, ஆய்வேட்டில் பாதியும் போச்சு.

மார்ச் 2

நோன்பு தொடங்கிவிட்டது. நேற்றும் எல்லாருக்கும் தெரிந்ததாம். ராத்திரி சூத்திரத்தில் ஒரு எண்ணை மட்டும் லேசாகத் திருத்தினேன். அழகாகப் பொருந்தியது. எனக்கே அசிங்கமாக இருந்தது, அழித்துவிட்டேன்.

மார்ச் 17

"இதை இப்படியே விட்டுட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போயிடலாமா?" — மேடம். கைகழுவச் சொல்வதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

மார்ச் 30

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

இன்று இருபத்தொன்பதாம் நோன்பு. மற்றத் தடவையெல்லாம் இந்நேரம் ஆய்வுக்கூடத்தில் இருப்பேன், இன்று வீட்டில்; நோன்பு திறந்த கையோடு மாடிக்கு ஓடினேன். மேற்கே முழுக்கத் துணி அலசிய தண்ணீர் நிறம். இருட்டும்வரை நின்றேன். பிறை இல்லை, எதுவுமே இல்லை. கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் ஸ்பீக்கரில் அறிவிப்பு: வேறு ஊரில் பிறை தெரிந்திருக்கிறது, நாளை பெருநாள். தெருவே கத்தியது. அதே நேரம் என் போனில் ஒரு செய்தி. அம்மாவிடமிருந்து: "வண்ணாரப்பேட்டை. தெரிந்தது."

கீழே இறங்கினேன். அம்மா அடுப்படியில் கறிக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள்.

"எப்பம்மா பாத்தே?"

"நானா? எனுக்கு ஏதுடி நேரம்? இந்தக் கறிய ஆரு ஊற வெக்கிறது?"

"அப்புறம் எதுக்குத் தெரிஞ்சுதுன்னு போட்டே?"

"பள்ளில சொல்லிட்டாங்கல்ல? தெரிஞ்ச பிறைய தெரியலன்னு போடச் சொல்றியா? நாளைக்குப் பெருநாளே இல்லன்னு சொல்ற மாதிரி ஆவாது?"

கோபப்படக்கூடத் தோன்றவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடம்!

மார்ச் 31

பெருநாள். புதுத் துணி, பிரியாணி, என் மூஞ்சி மட்டும் துக்க வீடு.

ஒவ்வொருவராகக் கேட்டேன். நவ்ரீன், "நாங்க மருதாணி வெச்சுகினு இருந்தோம்கா, அறிவிப்பு வந்ததும் போட்டுட்டேன்" என்றாள். எல்லாரும் இதே கதைதான். யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. பிறை தெரிந்ததா என்று நான் கேட்டேன். நாலு பேர் பார்த்துச் சாட்சி சொல்லி, பள்ளிவாசலும் அறிவித்த பிறகு அது எல்லாருக்கும் தெரிந்த பிறைதானே அவர்களுக்கு?

இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. சாப்பிட வந்திருந்த அமீர் மாமா முன்னால் கத்திவிட்டேன். "பாக்காமலே பாத்தேன்னு போட்டு என் படிப்பையே நாசம் பண்ணிட்டீங்க எல்லாரும்!"

மாமா தட்டைத் தள்ளிவைத்தார். "ஒரு மாசம் நோம்பு புடிச்ச வாயி இது. பொய் சொன்னேன்றியா?" எழுந்து போய்விட்டார். சாயங்காலம் குழுவிலிருந்தும் போய்விட்டார். அம்மா என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 3

மேடத்திடம் சொன்னேன். என் அட்டவணையை மேலிருந்து கீழ்வரை விரலால் ஓட்டினார். "தப்பு சூத்திரத்துல இல்லன்னு ஆயிடுச்சு. ஆனா கையில ஒண்ணுமே இல்ல, உமைமா. குழுவுல வந்த எல்லாத்தையும் தூக்கிப் போடணும்."

போட்டேன்.

ஏப்ரல் 28

இன்றும் பிறை பார்க்கிற நாள். ஒரு வாரமாக எல்லாரிடமும் கெஞ்சியிருந்தேன். ஒருத்தர் மாடியேறவில்லை! "இன்னிக்கு இன்னா விசேஷம்?" என்கிறாள் பெரியம்மா. சாதாரண மாதத்துப் பிறையை யார் சீந்துகிறார்கள்? விசேஷ மாதம் என்றால் பார்க்காமலே தெரிகிறது, மற்ற மாதம் என்றால் பார்க்கவே ஆளில்லை. நான் போய் நட்சத்திரம் படித்திருக்கலாம். அதற்கு யாரும் அறிவிப்புக் கொடுக்கமாட்டார்கள்.

மே 11

அம்மா இழுத்துக்கொண்டு போனாள், எண்ணூருக்கு. மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். டூட்டி முடிந்து படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாமி டீ கொடுத்தார்.

மாடிக்குப் போனேன். கொடியில் வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது, காலரில் கறுப்பாகப் பொடி. கொஞ்ச நேரத்தில் மாமாவும் ஏறி வந்தார்.

"மன்னிச்சுக்குங்க மாமா. நான் பேசினது தப்பு."

மாமா கொடியிலிருந்து சட்டையை உருவினார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், முடியவில்லை, சொல்ல ஆரம்பித்தேன். ஊருக்குப் பிறை தெரிந்ததா என்பது என் கேள்வியே இல்லை. இந்த மாடியில் இந்தப் புகை எவ்வளவு மறைக்கிறது என்பதுதான். இங்கே தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு கணக்கு.

மாமா சட்டைக் காலரைத் தட்டிவிட்டார். "அப்போ தெரியலன்னு சொன்னா பிறைய கொற சொல்றதில்ல. பொகைய கொற சொல்றது."

"ஆமா மாமா."

"இத மொதல்லயே சொல்றதுக்கின்னா?"

குழுவில் சேர்கிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 28

இன்று தெரிந்தால் பிறை பத்து, ஜூன் ஏழு, பக்ரீத். தெருவில் மறுபடி அதே பரபரப்பு. எங்கள் மாடியில் அம்மாவும் நானும். ஏழு மணி வாக்கில் மெல்லிசாக ஒரு கீற்று, நகத்துண்டு அளவுக்கு, அதுவும் உற்றுப் பார்த்தால்தான். அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். பிறகு அறிவிப்பு வந்தது. இனி எல்லாரும் "தெரிந்தது" என்று போடப்போகிறார்கள் என்று போனை எடுக்கவே பிடிக்கவில்லை.

நேற்று இரவே மாமா குழுவுக்குத் திரும்பியிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. அவர் செய்தி அறிவிப்புக்குப் பிறகு வந்திருந்தது: "எண்ணூர். ஏழாந்தேதி பெருநாள்னு சொல்லிட்டாங்க, அல்ஹம்துலில்லாஹ். எங்க மாடில பொகதான். தெரியல."

இந்த மாதிரி ஒரு "தெரியல" இதுவரை வந்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது. உடனே மாமாவே கூப்பிட்டார்.

"ஆறரைலேந்து நின்னுகினு கீறேம்மா, கழுத்து புடிச்சுகிச்சு. தெரியலன்னா உனுக்கு நல்லதா, கெட்டதா?"

"நல்லது மாமா, ரொம்ப நல்லது."

"அப்படியா? இரு, நவ்ரீனையும் தெரியலன்னே போடச் சொல்றேன்."

"ஐயோ மாமா! வேணாம்! அவ பாத்ததையே போடட்டும்!" கத்திய கத்தலில் அம்மா திரும்பிப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போன். மாமா குரல் இறங்கியிருந்தது.

"அவ நெசமாவே பாத்துட்டாளாம்மா. மனசுல வெச்சுக்காத."