டீசல் தொட்டிக்குக் கீழே

ஜனவரி 8, செவ்வாய்

படகைத் தம்பி கார்ல்டனின் பழுதுபார்க்கும் கொட்டகைக்குள் ஏற்றியாயிற்று. ‘தெல்மா ஜே’. அம்மாவின் பெயர், அப்பா வைத்தது. முப்பத்தொன்பது வயதான ஃபைபர் படகு. வெளியே நின்று பார்த்தால் இன்னும் பத்து வருஷம் சிங்கி இறால் பிடிக்கலாம் போலிருக்கிறது. ஆனால் போன இலையுதிர்காலம் முழுக்க, அலை ஏறும்போதெல்லாம் காலுக்குக் கீழே தளம் நெளிந்தது.

கார்ல்டன் சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போனான். நல்ல இடத்தில் டக் டக். கெட்ட இடத்தில் ஈர அட்டையைத் தட்டியதுபோல ஒரு சத்தம். பாதிக்கு மேல் ஈர அட்டைதான்.

“தளத்தை மட்டும் மாத்துனா போதுமா?”

“திறந்து பாத்தாதான் தெரியும் லீ. வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு வெளிய நின்னு சொல்ல நான் என்ன மந்திரவாதியா?”

சிரித்தான். அப்பாவின் படகை அவன் தொட்டு ஒன்பது வருஷமாகிறது. இன்று முழுக்க அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

ஜனவரி 11, வெள்ளி

தளத்தை அறுத்து எடுத்துவிட்டோம். மேலும் கீழும் ஃபைபர், நடுவில் மரம். மரம் என்றா சொல்வது? கையால் அள்ளினேன், விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. அதற்கு அடியில் படகின் நீளத்துக்கும் ஓடும் நெடுக்குச் சட்டங்கள். கார்ல்டன் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினான். பிடிவரைக்கும் இறங்கியது.

கழுத்திலும் மணிக்கட்டிலும் ஃபைபரை அறுத்த கண்ணாடித் தூசி அரிக்கிறது. பச்சைத் தண்ணீரில் குளித்தும் போகவில்லை.

மதியம் கார்ல்டனின் மனைவி ஈவான் மீன் சூப் கொண்டுவந்தாள். “உங்க குடும்பத்துல இந்த வீட்டுப் படியேறுன ஒரே ஆளு நீங்கதான் லீ. கிறிஸ்துமஸ் தவறாம வந்தீங்க. நான் அதை மறக்கல” என்றாள். சூப்பைப் பாதியில் வைத்துவிட்டுப் படகுக்குள் இறங்கினேன்.

ஜனவரி 17, வியாழன்

இன்ஜினைத் தூக்கி வெளியே வைத்தோம். டீசல் தொட்டியையும் எடுக்க வேண்டும் என்கிறான்.

“அது கிடக்கட்டும். ஒன்பது வருஷத்துத் தொட்டிதானே, நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

“தொட்டி நல்லாத்தான் இருக்கும். அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு பாக்கணும்ல?”

கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

2010 மார்ச். தனியாகப் போயிருந்தேன். மூடுபனி. சுக்கானைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். பாறையில் மோதி, அடியில் ஒரு கை நீளத்துக்கு விரிசல். பம்ப் போட்டுச் சமாளித்துக் கரை சேர்ந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. ஏப்ரலில் பழைய தொட்டியைக் கழற்றிப் புதியது போட்டோம். அதற்கு நடுவே, அப்பா ஊரில் இல்லாத ஒரு மதியம், கடல் உள்வாங்கிப் படகு மணலில் சாய்ந்திருந்த நேரம் பார்த்து, உள்பக்கமாக அவசர அவசரமாக ஒட்டினேன். மேலே பெயிண்ட் பூசினேன். தொட்டி வந்து மூடிக்கொண்டது.

ஆகஸ்டில் கார்ல்டன் ஒரு வாரம் படகை இரவல் வாங்கிப் போனான். நவம்பரில் கரையேற்றியபோது அப்பா அடியில் தழும்பைப் பார்த்தார். யார் என்று கேட்டார். நான் சொன்னது ஒரே வாக்கியம்: “ஆகஸ்ட்ல கார்ல்டன்தானே எடுத்துட்டுப் போனான்.”

அவ்வளவுதான். அவன் மோதினான் என்று நான் சொல்லவில்லையே — இப்படித்தான் ஒன்பது வருஷமாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

“நான் மோதவே இல்ல” என்றான் கார்ல்டன். மோதியதைக்கூட அப்பா மன்னித்திருப்பார், பொய்யை மன்னிக்க மாட்டார். வீட்டுக்கு வராதே என்றுவிட்டார். 2014இல் சாகும்போதும் அவனைக் கூப்பிடவில்லை. அம்மாவும் அப்பா பக்கமே நின்றுவிட்டாள்.

ஜனவரி 20, ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 23, புதன்

தொட்டியைத் தூக்கிவிட்டோம்.

கார்ல்டன் விளக்கை இறக்கிப் பார்த்தான். என் ஒட்டு ஓரங்களில் வாய் பிளந்து கிடந்தது. உளியை விட்டு நெம்பினான், பலகைபோலக் கையோடு வந்துவிட்டது. பின்னால் கறுப்புத் தண்ணீர்.

“தண்ணி இங்கதான் நுழைஞ்சிருக்கு. ஒட்டுன எவனோ சுரண்டக்கூட இல்ல, அழுக்கு மேலயே ஒட்டியிருக்கான். சட்டம், தளம் எல்லாம் இங்கிருந்துதான் ஊறி—”

அங்கே நிறுத்தினான். அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்தான். சாம்பலும் பச்சையும் கலந்த பெயிண்ட். மீந்துபோன இரண்டு டப்பாவை அப்பா ஒன்றாகக் கொட்டிக் கலக்கியது. அந்த ஒரு ஏப்ரலில்தான் அந்த நிறம்.

“ஏப்ரல்” என்றான். பிறகு, “நான் ஆகஸ்ட்ல எடுத்துட்டுப் போனேன்.”

நான் கையுறையைக் கழற்றினேன்.

“லீ. இதைப் பூசுனது யாரு?”

“நான்தான்.”

தூசி முகமூடியைக் கழற்றினான். கோபப்படுவான், அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அடித்திருக்கலாம். “கிறிஸ்துமஸுக்கு வந்தியே” என்றான். “ஒவ்வொரு வருஷமும் வந்து என் மேசையில உக்காந்து சாப்ட்டியேடா.”

விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான். நான் படகின் வயிற்றுக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

ஜனவரி 29, செவ்வாய்

ஐந்து நாளாக அவன் போனை எடுக்கவில்லை. இன்று அவனே கூப்பிட்டான். ஒரு வாடிக்கையாளரிடம் பேசுவதுபோலப் பேசினான்.

“படகோட ஓடு முழுக்க ஃபைபர் அடுக்கடுக்கா பிரிஞ்சுபோச்சு. அடிமுதுகு நெடுக விரிசல் ஓடியிருக்கு. நான் ஒட்டித் தரலாம். ஆனா நவம்பர் அலையில நீ திரும்பி வருவேன்னு என்னால சொல்ல முடியாது. வெட்டிப் போட்டுரு.”

“வேற வழியே இல்லையா?”

“இருந்தா சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்றவன் இல்ல.”

வைத்துவிட்டான்.

பிப்ரவரி 3, ஞாயிறு

தேவாலய ஆராதனை முடிந்ததும் அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். எண்பத்தொரு வயதில் அவளுக்கு இது தேவையா என்று ஒரு வாரம் யோசித்தேன். அதுகூட என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் யோசனைதான்.

காப்பிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“என் பேரப்புள்ளையோட ஞானஸ்நானத்துக்கு நான் போகலடா. அவன் கூப்ட்டான். நான் போகல.” பிறகு, “இப்ப நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் வாசல்ல நிப்பேன்?”

அவள் கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தேன்.

பிப்ரவரி 10, ஞாயிறு

கார்ல்டன் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். நீலக் கோட்டு, கையில் பிஸ்கட் டப்பா. கொட்டகைக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். உள்ளே கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கதவுக் கைப்பிடியை ஒருமுறை தொட்டாள்.

“வீட்டுக்குப் போலாம் லீலண்ட்” என்றாள்.

பிஸ்கட் டப்பாவை மடியிலேயே வைத்திருந்தாள்.

பிப்ரவரி 12, செவ்வாய்

துறைமுகத்தில் காப்பி குடிக்கும் இடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன், பாறையில் மோதியது நான்தான் என்று. இன்னொரு படகுக்காரன் ராஸ்கோதான், “இதை உங்கப்பா இருக்கும்போது சொல்லியிருக்கணும்” என்றான். சத்தியம். அதற்குமேல் அங்கே உட்காரத் தோன்றவில்லை.

மார்ச் 6, புதன்

வெட்டினார்கள். மண் தோண்டும் இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டது. ஃபைபர் உடையும் சத்தம் மரம் உடைவதுபோல இல்லை, கிழிகிறது. கார்ல்டன் அந்தப் பக்கம் நின்றான், நான் இந்தப் பக்கம். அம்மாவின் பெயர் இருந்த பின்பலகையை அவன் முன்பே அறுத்துத் தனியாக எடுத்து வைத்திருந்தான். எனக்கா என்று நினைத்தேன். தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

ஏப்ரல் 19, வெள்ளி

அம்மா எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. மூன்றாவது எழுதுகிறாள்.

ஜூன் 12, புதன்

ராஸ்கோவின் படகில் கூலியாளாக மூன்றாவது வாரம். இறால் கூண்டுகளுக்கு இரை கட்டுகிறேன். ஐம்பத்தாறு வயதில் முதுகு ஒத்துழைக்கவில்லை. ராஸ்கோ பேசுவது குறைவு, அது நல்லதுதான்.

காலையில் கரையை ஒட்டிப் போனோம். கார்ல்டனின் கொட்டகை கதவு திறந்திருந்தது, உள்ளே வேறு யாருடைய படகோ. வாசலில் நின்று கிரைண்டரால் ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தான். கையைத் தூக்கினேன்.

அவன் தூக்கவில்லை. ஆனால் கிரைண்டரை நிறுத்தினான். நாங்கள் முனையைத் தாண்டும்வரை அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.