வெள்ளை அல்லாதது

என் ஆசை அக்காவுக்கு,

நீ செத்துப்போன பிறகு கெல்சென்கிர்ச்சனில் மழை விடவேயில்லை. உன் யன்னல் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இனி யாருக்காக அவற்றை வளர்ப்பது?

இந்த ஜெர்மனியில் நீ முதலில் படித்த சொல் bunt. பல நிறம் என்று அர்த்தம். நீ வேலை செய்த வைத்தியசாலைச் சலவைக்கூடத்தில் ஒரு வண்டி வெள்ளைக்கு, மற்றது bunt. பச்சையோ பூப்போட்டதோ, வெள்ளை அல்லாததெல்லாம் அதற்குள். பொறுமை போனாலும் இவர்கள் 'இது எனக்கு மிஞ்சின bunt' என்பார்கள் என்பது உன் மேற்பார்வைக்காரி கத்தியபோதுதான் தெரிந்தது. 'எங்கள் நகரம் bunt' என்று பதாகை கட்டிய அன்று நீ சொன்னாயே, "ஓம், எங்களைத்தான் சொல்லீனம். வெள்ளையோட சேர்த்துத் தோய்க்க ஏலாதாம்."

அத்தான் போனபின் நீ வெளிர் சேலைகளுக்குள் ஒடுங்கினாய். என்னவர் போனதும் நானும் அப்படியே. யாரும் கட்டளையிடவில்லை, சனத்தின் பார்வையே போதுமாக இருந்தது. ஆனால் நோய் முற்றியபோது ஒரே மாதிரி இரண்டு பட்டுச் சேலை வாங்கி வந்தாய். நீலம், செம்மஞ்சள், ஊதா, என்ன நிறம்தான் இல்லை அதில்.

"ஒண்டு என்னை எரிக்கேக்கை கட்டிவிடு. மற்றது உனக்கு. வெள்ளையில மட்டும் அனுப்பிப் போடாதை."

எங்கள் பெரியண்ணை பான் நகரத்திலிருந்து வெள்ளைச் சேலையோடுதான் வந்தார். "புருசன் இல்லாதவளுக்கு இதுதான் முறை. சனம் என்ன கதைக்கும்?"

"அவ கேட்டது மற்றதை, அண்ணை."

நானும் சவச்சாலையின் ஜெர்மன் பணிப்பெண்ணும்தான் உனக்கு உடுத்திவிட்டோம். விறைத்த உடம்பில் கொசுவம் நிற்கவில்லை. ஊசி குத்தும்போது உனக்கு நோகுமோ என்று பயந்தேன்.

கிரியை மண்டபத்தில் அண்ணை அந்த வெள்ளையை உன் கழுத்துவரை போர்த்திவிட்டார். எல்லோரும் பார்க்க நான் எழுந்துபோய் அதை இழுத்தெடுத்தேன். அண்ணை இன்னும் என்னோடு கதைப்பதில்லை. நான் செய்தது சரிதானே, அக்கா?

கடைசியில் சாம்பலாகத்தான் தந்தார்கள். அதில் ஒரு நிறமும் இல்லை.

மற்றச் சேலை இன்னும் கடைப்பையிலேயே இருக்கிறது. முப்பத்தோராம் நாள், உன் அந்தியேட்டிக்கு அண்ணையும் சனமும் வருவார்கள். அன்று அதை உடுத்திக்கொண்டுதான் உன் படத்துக்கு விளக்கேற்றுவேன், இது சத்தியம். கொசுவம் பிடித்துவிடத்தான் ஆளில்லை.

தனித்துப்போன
உன் தங்கச்சி