யாருக்குச் சங்கடம்

ஆவணி 25, புதன்

காலையில் தூறல். அப்புறம் புழுக்கம். சங்கடஹர சதுர்த்தி, எனக்கு விரதம்.

நான்கு மணிக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான். இவர், டி.வி. முன்னால். மகள் கற்பகம், அரை நாள் லீவு. அவளுடைய மாணவி நிவேதா. நிவேதாவின் அம்மா காளீஸ்வரி. வேறு யாரும் இல்லை.

கற்பகம் கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். நிரந்தரமில்லாத வேலை. நிவேதா இரண்டாம் ஆண்டு, ஊர் ஜெகதாப்பட்டினம். ஒரு வாரமாக வகுப்புக்கு வரவில்லையாம். கல்லூரியை விட்டுப் போக டி.சி. கேட்டு ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, மேமிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று அம்மாவும் மகளும் இங்கே.

காளீஸ்வரி கையில் வயர்கூடை. அதற்குள் பிளாஸ்டிக் பையில் மீன், ஐஸ் போட்டு.

"விளமீனுங்கக்கா. காலையில வந்தது. மேமுக்குப் பிடிக்கும்னு பாப்பா சொல்லுச்சு."

பூஜை அறைக் கதவு திறந்து கிடக்கிறதே என்றுதான் எனக்கு நினைப்பு. வாயில் வந்தது:

"அங்கிட்டு வெளிய வச்சிருங்க."

"வெளியவா?"

"ஆமா, செருப்பு கெடக்குல்ல, அதுக்குப் பக்கத்துல."

வைத்தாள். விரதம் என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. இன்றைக்கு என்ன நாள் என்று எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பு.

காபி கொடுத்தேன். காளீஸ்வரி பாதி குடித்தாள். வீட்டுக்காரரைப் படகோடு, எல்லை தாண்டியதாகச் சொல்லி, அந்தக் கரையில் பிடித்துவைத்திருக்கிறார்கள், போன மாதத்திலிருந்து. திருப்பூரில் அவள் அக்கா மகள் பனியன் கம்பெனியில் இருக்கிறாளாம். நிவேதாவையும் அங்கே அனுப்பப் போகிறார்கள். அடுத்த வியாழன் டி.சி. கைக்கு வரும், அன்று ராத்திரியே பஸ்.

"காசுக்காக இல்லீங்க மேம். கடன ஒடன வாங்கியாவது படிக்க வச்சிருவோம். புள்ள அங்கிட்டு போகமாட்டேங்குது."

கற்பகம் கேட்டாள். "நீ சொல்லு நிவேதா."

"எனக்குப் படிப்பு வரல மேம்."

"வராம என்ன," என்றாள் காளீஸ்வரி. "பன்னெண்டாவதுல பள்ளிக்கூடத்துலயே ரெண்டாவது."

இவர் டி.வி.யிலிருந்து தலையைத் திருப்பாமல், "அறந்தாங்கில எறங்கி மாறுனீங்களா, நேர் வண்டியா?" ரிட்டையர் ஆகி ஆறு வருடமாகியும் கண்டக்டர் புத்தி.

போகும்போது வாசலில் குனிந்து காளீஸ்வரி பையை எடுத்துக் கூடைக்குள் வைத்துக்கொண்டாள். "வாரோம்மா," என்றாள். வரும்போது அக்கா.

ஆட்டோ திரும்பியதும் கற்பகம் கதவைச் சாத்தினாள். அப்புறம், "என்னம்மா பண்ணி வச்சிருக்கே."

"வெரதம்டி."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

சந்திரன் தெரியவில்லை, மேகம். திசை பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டேன். கொழுக்கட்டையில் ருசி தெரியவில்லை.

ஆவணி 26, வியாழன்

வெயில். பால் கணக்கு நேர் செய்தேன். கேஸ் பதிய வேண்டும். வெண்டைக்காய் முற்றல், திருப்பிக் கொடுத்தேன்.

கல்லூரிக்குக் கிளம்புமுன் கற்பகம் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டே சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகவே.

வெள்ளைக்காரன் காலத்து அதிகாரி ஒருவன் இந்தப் பக்கத்து மக்களைப் பற்றி எழுதிய புத்தகம். எந்தச் சாதி எப்படிப்பட்டது, யார் உழைப்பாளி, யார் பொய் சொல்வான், யாரை நம்பலாம். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி. அதில் சில பக்கங்களை நகலெடுத்து வகுப்பில் கொடுத்திருக்கிறாள். ஆளுக்கொரு பத்தி. தமிழில் எழுதி, எழுந்து நின்று வாசிக்க வேண்டும். நிவேதா கடலோரத்துப் பத்தியைக் கேட்டு வாங்கினாளாம். மீன்பிடிக்கிறவர்கள் சோம்பேறிகள், குடிகாரர்கள் என்று போகிறது. கடைசியில் ஓர் இங்கிலீஷ் சொல். அகராதியில் வேறென்னவோ இருக்க, நிவேதா யோசித்து எழுதியது: நாளைக்கு என்று வைக்காதவர்கள்.

வாசித்து முடித்ததும் பின்பெஞ்சில் ஒருவன், "சரியாத்தான்டா எழுதிருக்கான்." நாலைந்து பேர் சிரிப்பு.

அப்பாவைப் பிடித்து வைத்திருக்கும் விஷயம் வகுப்பில் யாருக்கும் தெரியாது. கற்பகத்துக்கும் அன்றைக்குத் தெரியாது.

"நீ அவனைத் திட்டலையா?"

"திட்டல. யாருக்கும் சமாதானமும் சொல்லல. இன்னிக்கு இந்தச் சங்கடத்தோடயே வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிட்டேன்."

"ஏன்டி அப்படி?"

"திட்டிட்டா முடிஞ்சுபோயிரும்மா. மேம் திட்டுனாங்க, அவன் சாரி சொன்னான், பெல் அடிச்சிருச்சு. உள்ள இருக்கறது அப்படியே இருக்கும். எழுதுனவன் கப்பல் ஏறி எத்தனை காலமாச்சு, இவன் இன்னும் சரிங்கறான் பாரு. அவன் எழுதுனதை நாம சொந்தமா நினைக்கிற மாதிரி ஆயிருச்சு. சங்கடப்படாம அத எப்படிக் கழட்டறது?"

இதைப் பற்றித்தான் ஏதோ கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதுகிறாள். இங்கிலீஷ் தலைப்பைத் தமிழாக்க என்ன சொல் போடலாம் என்று போன மாதம் என்னிடம் கேட்டாள். அசௌகரியம் என்றால் பஸ்ஸில் சீட்டுக் கிடைக்காத மாதிரி இருக்கிறதாம். சங்கடம் என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"அதத் தீத்து வைன்னுதான் மாசாமாசம் பிள்ளையாருக்குப் பட்டினி கெடக்கேன். நீ உண்டாக்கணும்ங்கற."

"நீ தீத்து வைக்கச் சொல்லு, நான் உண்டாக்கறேன். பிள்ளையாருக்கும் வேல வேணும்ல."

சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. நார் எடுத்ததையே திரும்ப எடுத்துக்கொண்டிருந்தாள்.

குழம்புக்கு உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஆவணி 27, வெள்ளி

கோயில். கூட்டம். அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள், "யார் பேருக்கு?"

"நிவேதா."

"நட்சத்திரம்?"

தெரியவில்லை. பின்னால் நிற்கிறவர்கள் நெருக்கினார்கள். சுவாமி பேருக்கே செய்துவிடச் சொன்னேன்.

மத்தியானம் கற்பகத்தின் மேசையில் அந்த நகல் பக்கங்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அதற்குமேல் படித்ததெல்லாம் கற்பகம் படித்து முடித்த பாடப்புத்தகங்களை எடுத்துவைத்துப் படித்தது. அகராதியோடு உட்கார்ந்தேன். முதலில் கடலோரம். நிவேதா எழுதியது சரிதான். அகராதிக்காரன் எழுதியதைவிட நன்றாக இருக்கிறது.

அடுத்த பக்கத்தில் நாங்கள். விவசாயக் குடிகள். அமைதியானவர்கள், உழைப்பாளிகள், சிக்கனமானவர்கள், சொன்ன சொல் கேட்பவர்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எழுதி வைக்கிறேன். பல மாதமாக எதற்கும் எதுவும் தோன்றாத மனது. காளீஸ்வரி பையை எடுத்துக்கொண்டு போனபோது தோன்றவில்லை. கற்பகம் வகுப்பில் நடந்ததைச் சொன்னபோது தோன்றவில்லை, அழ வேண்டிய இடம் என்று மட்டும் தெரிந்தது. எவனோ ஒருவன், எங்கள் வீட்டில் ஒரு நாள் சோறு வடித்ததைப் பார்க்காதவன், சிக்கனம் என்று எழுதியதற்குத் தோன்றிவிட்டது. அந்த வரியை மறுபடியும் வாசித்தேன்.

மாடியில் துணி எடுக்கப் போனேன். மழை வரவில்லை.

ஆவணி 29, ஞாயிறு

இட்லி. மதியம் சாம்பார், வாழைக்காய். தலைக்கு எண்ணெய்.

சாப்பாட்டுக்கு அப்புறம் கற்பகத்திடம் சொன்னேன். அந்தப் பக்கத்தை வாசித்தேன், நம்மைப் பற்றி நல்லபடியாக எழுதியிருக்கிறான், எனக்குப் பிடித்திருந்தது என்று.

இவர் முந்திக்கொண்டார். "என்ன எழுதிருக்கான்?"

"ஒழைப்பாளிங்களாம்."

"அப்ப அந்தாளு என்னய நேர்ல பாக்கல."

கற்பகம் சிரிக்கவில்லை. இவர் விடவில்லை. "ஆமா, நாளைக்குன்னு வைக்காதவங்கன்னு எழுதுச்சே அந்தப் புள்ள. சாமியாரும்தான் நாளைக்குன்னு வைக்கமாட்டாரு. அவரு கால்ல போயி விழுகுறோம்."

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க."

"ரைட்டு," என்று படுக்கப் போய்விட்டார்.

கற்பகம் வெகுநேரம் தட்டைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள், கை காய்ந்துபோய். அப்புறம்:

"நான் தப்பான ஆளை எந்திரிச்சு நிக்க வச்சுட்டேன்மா. சங்கடப்பட வேண்டியது நீயி, நானு, அந்தப் பய. அவளுக்கு அதுல புதுசா தெரிஞ்சுக்க என்ன இருக்கு? அவ பஸ்ல ஏறுனாலே மீன் வாடைன்னு பக்கத்து சீட்டுக்காரி சன்னலத் தெறக்கறா. தெனமும் படிக்கிற பாடத்த நான் வேற ஒரு தடவ வாய்விட்டு வாசிக்கச் சொல்லிருக்கேன். வஞ்சு எழுதுனதப் படிக்கறதுதான் கஷ்டம்னு நெனச்சேன். புகழ்ந்து எழுதுனதப் படிக்கறது கஷ்டம்னு எனக்குத் தோணவே இல்ல."

நான் தட்டை வாங்கிக் கழுவினேன்.

"அந்த மீன் விசயம்?" என்று கேட்டேன்.

"அது ஒன் பாடு. ஒனக்காக நான் போயி சாரி கேக்கமாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் இது உன் பக்கம், அது என் பக்கம் என்று பிரிக்கிற மாதிரி.

ஆவணி 30, திங்கள்

விடியும்போது நல்ல மழை. மோட்டார் ஓடவில்லை, ஆள் வரச் சொல்லியிருக்கிறது. கால் மரத்துப்போகிறது, கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே.

கற்பகம் சாயந்தரம் வந்து சொன்னது. இன்றைக்கு வகுப்பில், யாரைப் பற்றி அந்தப் புத்தகம் நல்லபடியாகச் சொல்கிறதோ அவரவர் எழுந்து அவரவர் பத்தியை வாசிக்க வேண்டும் என்றிருக்கிறாள். முதலில் தானே எங்கள் பத்தியை வாசித்தாளாம். சொன்ன சொல் கேட்பவர்கள் என்ற இடத்தில் நாக்குப் புரளவில்லை என்றாள்.

அடுத்து அந்தப் பின்பெஞ்சுப் பையன். அவர்களைப் பற்றி வீரமானவர்கள், எஜமானிடம் விசுவாசமானவர்கள் என்று இருக்கிறது. உரக்கத்தான் தொடங்கினானாம். விசுவாசம் வந்ததும் முன்வரிசையில் ஒரு பெண் முணுமுணுத்தாள்: "எங்க வீட்டு மணியச் சொல்ற மாதிரில்ல இருக்கு." மணி அவர்கள் நாய்.

யாரும் சிரிக்கவில்லையாம். அவன் நின்றுகொண்டே, "மேம், இது நல்லா சொல்றதா, வையிறதா?"

"நீதான் சொல்லணும்."

பெல் அடித்தபின் அவன் வாசலில் காத்திருந்து கேட்டானாம், "நிவேதா வருமா மேம்?"

"நீ என்ன சொன்னே?"

"தெரியலன்னு சொன்னேன். தெரியலையே."

பிரின்சிபாலும் கூப்பிட்டிருக்கிறார். யாரோ ஒரு வீட்டிலிருந்து போன். "சிலபஸ்ல இருக்கறத நடத்திட்டுப் போங்க மேடம், எதுக்கு எல்லாருக்கும் சங்கடம்?" என்றாராம். அவரும் அதே சொல்.

"நிறுத்திருவியா?"

"மாட்டேன். ஆனா நிவேதா இல்லாம நடத்துனா, அவளப் பத்தி அவளுக்குப் பின்னால பேசுற மாதிரியே இருக்கு."

சப்பாத்தி. இவருக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று. எனக்குப் பசிக்கவில்லை.

ஆவணி 31, செவ்வாய்

மழை இல்லை. மோட்டார் சரியானது. நாளை புரட்டாசி பிறக்கிறது, பாத்திரமெல்லாம் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன்.

பதினோரு மணிக்கு காளீஸ்வரிக்குப் போன். எடுக்கவில்லை. மறுபடி. எடுத்தாள்.

"யாருங்க?"

"திருக்கோகர்ணத்துல இருந்து. கற்பகம் அம்மா."

"சொல்லுங்கம்மா."

"நிவேதா எப்படி இருக்கா?"

"இருக்கு. பெட்டி எடுத்து வைக்குது."

"அன்னிக்கு நான்..."

"கேக்கலம்மா. ஐஸ் கம்பெனில நிக்கிறேன், ஒரே எரைச்சல். பொறகு பேசறேன்."

ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்கத்தான் செய்தது. சாயந்தரம்வரை பார்த்தேன், கூப்பிடவில்லை. கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து விடலாம் என்று செருப்பு மாட்டினேன். பிறகு கழற்றினேன். இதைச் சாமியிடம் சொல்லிவிட்டால் எனக்கு லேசாகிவிடும், அவளுக்கு ஒன்றும் ஆகாது.

போனில் எழுதி அனுப்பினேன். கற்பகத்திடம் காட்டவில்லை. அனுப்பியது இது:

காளீஸ்வரி, கற்பகத்தின் அம்மா எழுதுகிறேன். கற்பகம் சொல்லி எழுதவில்லை. புதன்கிழமை எனக்கு விரதம். அதனால் மீனை வீட்டுக்குள் வாங்கவில்லை. அதை உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்களே புரிந்துகொண்டிருப்பீர்கள். ஆனால் செருப்புப் பக்கத்தில் வைக்கச் சொன்னதற்கு விரதம் காரணம் இல்லை. வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் அந்த இடத்தைக் காட்டியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். காட்டியிருக்கமாட்டேன். நிவேதா வாசித்த புத்தகத்தில் எங்களைப் பற்றி நல்லபடியாக எழுதியிருக்கிறது. அதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். அதையும் அவளிடம் சொல்லுங்கள். வகுப்பில் இனி அவள் எழுந்து எதையும் வாசிக்க வேண்டாம். வாசிக்க வேண்டியவர்கள் வாசிக்கிறார்கள். வந்து உட்கார்ந்து கேட்டால் போதும், கேட்கப் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். வியாழக்கிழமை டி.சி.யில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அதற்கு முன்னால், நிவேதா வருகிறாளா இல்லையா, சீக்கிரம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.