டும்முவுக்கு இன்னும் வால் வரவில்லை

மஸ்கட்
18.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கீதா எழுதுகிறேன். நன்றாக இருக்கிறேன் என்று எழுதித்தான் கை பழகியிருக்கிறது, எழுதிவிட்டேன். நீங்களும் மாமாவும் எழிலும் எப்படி இருக்கிறீர்கள்? பொங்கல் பாவாடை அவளுக்குச் சரியாக இருந்ததா, தொளதொளவென்று தொங்கியதா?

போன வாரம் வீடியோவில் என் முகத்தைப் பார்த்ததும் அவள் வீறிட்டு அழுதாளே, அது இன்னும் காதிலேயே இருக்கிறது. "நீ போன வச்சதுலேர்ந்து ரெண்டு நாளா ஒரு வாய் சோறு எறங்கல கீதா. கொஞ்ச நாளைக்கு மூஞ்சி காட்டாம இரேன்" என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் நீங்கள் சொன்னதுதான் நியாயம். தூங்குகிற பிள்ளையை உங்கள் பக்கத்தில் போட்டுவிட்டுத் திருடி மாதிரி விமானம் ஏறியவள் நான். கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? மாமாவின் போனில் ரெண்டு வரி அனுப்பினால் டீக்கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் படிப்பார்கள். அதனால்தான் கடிதம்.

பொட்டலத்தில் ஒரு யானைத் தலை இருக்கும், பயந்துவிடாதீர்கள். எழில் டிவியில் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாளே, மஞ்சள் பூட்ஸ் போட்ட நீல யானைக்குட்டி டும்மு, அதுதான். ஆஸ்பத்திரி விடுதியில் என் அறையில் இருக்கும் ஜீனத் நம்ம ஊர்ப் பெண். அவள்தான் குரோஷா பின்னக் கற்றுக்கொடுத்தாள். தலை, உடம்பு, காது, கால் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பின்னிப் பஞ்சடைத்துவிட்டு, கடைசியில்தான் ஒன்றாகத் தைப்பார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் ஒவ்வொரு பாகமாக அனுப்புகிறேன், நீங்கள் அவள் எதிரிலேயே தைத்துக் கொடுங்கள். வாலை மட்டும் நானே கையோடு கொண்டுவருவேன். "டும்முக்கு வால் வர்ற அன்னிக்கு அம்மா வந்துடுவா" என்று அவளிடம் சொல்லிவையுங்கள். கார்த்திகை தீபத்துக்கு ஊரோடு வந்துவிடுவேன்.

கண்ணுக்குப் பொத்தான் வைக்கவில்லை. பிடுங்கி விழுங்கிவிடுவாள் என்று கறுப்பு நூலிலேயே போட்டுவிட்டேன்.

உங்கள் ஓரகத்தி என்று போட மனசு வரவில்லை.
உங்கள் தங்கை,
கீதாஞ்சலி


அடி அண்ணாமலை
20.02.2025

அன்புத் தங்கச்சி கீதாவுக்கு,

அக்கா ரேணுகாம்பாள் எழுதுவது. தலை வந்து சேர்ந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் உன் மாமா, "அடிப்பாவி, வெறுந்தலைய அனுப்பி வச்சிருக்காளே!" என்று பதறிப்போய்விட்டார். உன் மகள் பதறவில்லை. "டும்மு!" என்று ஒரே கத்தல். அன்றைக்கு முழுக்க அந்தத் தும்பிக்கைக்குத் தயிர்சாதம் ஊட்டினாள். நாற்றம் தாங்காமல் அலசிக் கொடியில் காயப்போட்டேன். மலை சுற்ற வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

பால்வாடிக்கும் தலையைத் தூக்கிக்கொண்டுதான் போகிறாள். டீச்சர் அருணாதேவி, "தல மட்டும் வந்தா நான் எப்பிடிடி அட்டெண்டன்ஸ் போடுறது?" என்று கேட்டாராம். அந்தக் கவலையில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். சீக்கிரம் உடம்பை அனுப்பு.

நீ கேட்காததையும் சொல்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து பௌர்ணமி தவறாமல் நான் மலை சுற்றியது உனக்குத் தெரியும். எதற்கு என்றும் தெரியும். இப்போதெல்லாம் போவதில்லை. பௌர்ணமியன்று கடையில் கூட்டம், பிள்ளை மடியில் தூங்குகிறாள், அவளை விட்டுவிட்டு எங்கே போவது? வேண்டிக்கொள்ளவும் இப்போது ஒன்றும் இல்லை.

நீ சாப்பிடுகிறாயா இல்லையா என்று ஒரு வார்த்தை எழுதினால் குறைந்தா போய்விடுவாய்?

அன்புடன்,
அக்கா


மஸ்கட்
25.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறேன். ஜீனத் பிரியாணி செய்தால் ஜாஸ்தியாகவே சாப்பிடுகிறேன்.

உடம்பும் காதும் தைத்த டும்முவை மாமா போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். இடது காது கொஞ்சம் கோணலாக இருக்கிறது, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. போட்டோவில் எழிலின் கை மட்டும் தெரிந்தது. வளையல் புதுசு போல. அந்தக் கையைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்துடன் முன்னங்கால் ரெண்டும் அனுப்புகிறேன். பூட்ஸுக்கு நூலை மாற்றும் இடத்தில் கண்ணி விட்டுவிட்டு மூன்று தடவை பிரித்துப் போட்டேன். பின்னங்கால் அடுத்த மாதம். அப்புறம் வால்தான் அக்கா!

என்னைக் கேட்கிறாளா? கேட்கிறாள் என்று எழுதினாலும் என்னால் தாங்க முடியாது, கேட்பதே இல்லை என்று எழுதினாலும் தாங்க முடியாது. உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதை எழுதுங்கள்.

கீதா


அடி அண்ணாமலை
05.07.2025

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. எழிலுக்கு வேர்க்குரு. நுங்குத் தண்ணியைத் தடவிவிட்டேன், இப்போது கம்மியாகிவிட்டது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில் உன் மாமாவின் சிநேகிதர் வீடு கட்டியிருக்கிறார், கிரகப்பிரவேசத்துக்குப் போய்வந்தோம். எழில் அங்கே ரெண்டு ஜிலேபி தின்றாள்.

கால் இன்னும் வரவில்லை. தபால்காரரைக் கேட்டேன், "வெளிநாட்டுப் பார்சல் அப்பிடி இப்பிடித்தான் இருக்கும்மா" என்றார். நீ அதற்காக மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. அவசரம் ஒன்றுமில்லை. டும்மு உட்கார்ந்தபடியே நன்றாக விளையாடுகிறது.

கடையில் ஆள் நிற்கிறார்கள். பிறகு எழுதுகிறேன்.

ரேணு


மஸ்கட்
10.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தொலைந்தது என் தப்புதான். முகவரியில் பின்கோடு சரியாகப் போட்டேனா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவு வரவில்லை. பிள்ளை காலுக்காகக் காத்துக்கொண்டிருக்க, நான் இங்கே அனுப்பிவிட்ட நிம்மதியில் தூங்கியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"லூசாடி நீ? போஸ்ட்ல காணாம போனதுக்கு நீ என்னா பண்ணுவ?" என்று ஜீனத் திட்டினாள். திட்டிவிட்டு அவளே புது நூல் வாங்கிவந்தாள். நாலு காலையும் புதிதாகவே போட்டுவிட்டேன். மஞ்சள் மட்டும் பழைய சாயல் கிடைக்கவில்லை, கொஞ்சம் எலுமிச்சை நிறம். பழசு தொலைந்துவிட்டதால் வித்தியாசம் தெரியாது.

இந்தத் தடவை தபாலை நம்பவில்லை. ஜீனத்தின் அண்ணன் நசீருதீன் லீவில் ஊருக்கு வருகிறார். நம் கடைக்கே வந்து கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு டீ கொடுங்கள், சர்க்கரை வேண்டாம்.

கீதா


அடி அண்ணாமலை
12.10.2025

கீதா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். முன்னங்கால் ரெண்டும் தொலையவில்லை. ஜூன் மாதமே வந்துவிட்டது. நான்தான் துவரம்பருப்பு டப்பாவில் போட்டு மூடிவைத்தேன்.

அதற்கு முந்தின வாரம்தான் எழில் தூக்கக் கலக்கத்தில் என்னை "அம்மா" என்றாள். பெரியம்மா என்று திருத்தியிருக்க வேண்டும். நான் திருத்தவில்லை. "என்னாடி கண்ணு" என்றேன். அந்த மயக்கத்தில் இருந்தபோதுதான் உன் பொட்டலம் வந்தது. காலைப் பார்த்ததும் அடுத்து வால்தானே என்று கணக்குப் போட்டேன். கால் வராவிட்டால் வாலும் வராது, வால் வராவிட்டால் நீயும் வரமாட்டாய். பைத்தியக்காரி கணக்கு. அந்த நேரத்தில் அதுதான் தோன்றியது.

நசீருதீன் வந்த அன்றைக்கு நான் டவுனுக்குப் போயிருந்தேன். அவர் எழில் கையிலேயே கொடுத்துவிட்டார். நாலு காலையும் தைத்தேன். நீ உன்னையே நொந்துகொண்டு எழுதிய கடிதத்தை உன் மாமா சத்தமாகப் படிக்கப் படிக்கத் தைத்தேன். ஒவ்வொரு குத்தும் என்மேல்தான் விழுந்தது.

அதோடு விட்டேனா? போன பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனேன். இத்தனை மாதம் கழித்துப் போனவள் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? நீ தீபத்துக்கு வரக்கூடாது என்று. புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிள்ளையை என் கையில் நம்பிக் கொடுத்துப் போனவளைப் பற்றி, அந்த மலையைப் பார்த்து நான் அப்படி வேண்டிக்கொண்டேன். ஐயோ கீதா, எனக்கு என்ன பிடித்தது என்றே தெரியவில்லை.

நேற்று பருப்பு டப்பாவை எழில் உருட்டிவிட்டாள். "பெரியம்மா, டும்முக்கு இன்னும் ரெண்டு கால் இருக்குது!" என்று குதித்தாள். யானைக்கு நாலு கால்தான்டி, இது வேண்டாம் என்றேன். "அம்மா போட்டது. தெச்சுக் குடு. ஆறு கால் இருந்தா ஜோரா ஓடி அம்மாவ கூட்டினு வந்துடும்" என்றாள்.

தைத்துவிட்டேன். இப்போது டும்முவுக்கு ஆறு கால். ரெண்டு பூட்ஸ் ஒரு மஞ்சள், நாலு பூட்ஸ் வேறு மஞ்சள். போட்டோ எடுத்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன் என்று நினைக்காதே. மறைத்து வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்ட முடியவில்லை.

உன் முகத்தை வீடியோவில் பார்த்துவிட்டு எழில் ரெண்டு நாள் சாப்பிடவில்லை என்று அப்போது சொன்னதும் பாதிப் பொய். ஒரு வேளைதான் சாப்பிடவில்லை.

அக்கா என்று கையெழுத்துப் போட எனக்கு யோக்கியதை இல்லை.

ரேணுகாம்பாள்


மஸ்கட்
02.11.2025

அக்கா,

உங்களை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு வேளைப் பட்டினியைச் சொல்லிப் பிள்ளையின் முகத்தைப் பத்து மாதமாக எனக்கு மறைத்துவிட்டீர்களே! அது வலிக்கிறது, வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் திட்டி முடித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. காரணம் சொல்கிறேன்.

கால் வரவில்லை என்று நீங்கள் எழுதியபோது நான் அழுதேன். அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை உங்களுக்கு எழுதவில்லை. அந்த மாதம்தான் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இங்கேயே இருக்கிறேன் என்று ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டிருந்தேன். தீபத்துக்கு வருவேன் என்று உங்களுக்கு எழுதிக்கொண்டே போட்டேன்.

யாரும் கட்டாயப்படுத்தவில்லை அக்கா. எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. சரவணகுமார் போனதிலிருந்து நம் ஊரில் எல்லாரும் என்னை "பாவம்" என்றுதான் பார்த்தார்கள். பூக்காரம்மா கூட என்னைப் பார்த்தால் கூடையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொள்வார். இங்கே நான் சிஸ்டர் கீதா, அவ்வளவுதான். சிரிக்கிறேன், மஞ்சள் சட்டை போடுகிறேன். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு இப்படிச் சந்தோஷமாக இருக்கிறோமே என்று நினைத்தால் சோறு தொண்டையில் நிற்கிறது. அப்புறம் சாப்பிட்டுவிடுகிறேன்.

இந்தக் கவரில் டும்முவின் வால் இருக்கிறது. தலையை அனுப்புவதற்கு முன்பே போட்டு முடித்துவிட்டேன். வால்தான் எல்லாவற்றையும்விடச் சுலபம், சின்னது. என்னிடம் தலையணை உறைக்குள்ளேயே இருந்தது. நீங்களே தைத்துவிடுங்கள். அவள் உங்களை அம்மா என்றால் திருத்த வேண்டாம். நான் கோபத்தில் சொல்லவில்லை. உங்களுக்கு அவள் வேண்டும், அவளுக்கும் நீங்கள் வேண்டும். நான் வேறு எதற்கு நடுவில்?

கீதாஞ்சலி


அடி அண்ணாமலை
24.11.2025

கண்ணு கீதா,

வால் வந்தது. நான் வேண்டிக்கொண்டது அப்படியே கிடைத்துவிட்டது பார். நீ தீபத்துக்கு வரவில்லை, பிள்ளையையும் எனக்கே கொடுத்துவிட்டாய். ஊசியில் நூல்கூடக் கோத்துவிட்டேன்.

எழில் கொல்லையில் டும்முவை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆறு காலையும் தரையில் வைத்து, "போ, சீக்கிரம் போ" என்று தள்ளிக்கொண்டே. வாலைத் தைத்துவிட்டால், வாசலைப் பார்த்து "அம்மா எங்க?" என்று கேட்பாளே. அப்போது நான் என்ன சொல்வது? நான்தான் அம்மா என்று சொல்லவா? சொல்லலாம். கொஞ்ச நாளில் நம்பியும்விடுவாள். அதை நினைத்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

வாலை இந்தக் கவரிலேயே திருப்பி அனுப்புகிறேன். நான் தைக்க மாட்டேன். கொண்டுவருவேன் என்று சொன்னது நீ, நீதான் கொண்டுவர வேண்டும்.

ரெண்டு வருஷம் இரு. மஞ்சள் சட்டை போடு, சிரி, ஜீனத்தோடு பிரியாணி சாப்பிடு. அதில் ஒன்றும் பாவமில்லை. பாவம் என்னவென்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். லீவு கிடைக்கும்போது ஒரு வாரம் வா. அந்தப் பூக்காரம்மாவிடம் நானே உன்னைக் கூட்டிப்போய் உன் தலைக்கு ரெண்டு முழம் வாங்குகிறேன், கூடையை எந்தப் பக்கம் மாற்றுகிறார் என்று பார்க்கிறேன்.

அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் கூப்பிடு. அழுவாள். அழட்டும். நீயும் அழுவாய். ஒரு வேளை சாப்பிடாவிட்டால் அடுத்த வேளை ஊட்டிக்கொள்கிறேன்.

பெரிய கோயிலில் இன்று தீபத்துக்குக் கொடி ஏறிவிட்டது. தீபத்தன்று எழிலை இடுப்பில் வைத்துக்கொண்டு மலை சுற்றப் போகிறேன். ரொம்பக் கனம்தான், இருந்தாலும் போகிறேன். போன தடவை வேண்டிக்கொண்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

நேற்றுத் தூக்கத்தில் மறுபடியும் என்னை அம்மா என்றாள். தட்டிக்கொடுத்தபடியே திருத்திவிட்டேன்.

இப்படிக்கு,
எழிலின் பெரியம்மா