கோணல் வெட்டு

மார்ச் 3, செவ்வாய்

மணிக்கட்டுக்குள் தகடு வைத்து இன்றோடு ஐந்து மாதம். பிசியோ பெண் ஈரத்துணியைப் பிழியச் சொன்னாள், பிழிந்தேன். மெஷின் தூக்கலாமா என்று கேட்டேன். தையல் மெஷின் என்று நினைத்தோ என்னவோ, தாராளமாக என்றாள். மரம் அறுக்கிற மெஷின் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கனம் முன்னால் இழுக்காத சின்ன மெஷினாக இருந்தால் பார்க்கலாமாம்.

வீட்டுக்கு வந்தால் இவர் போனில் யாரிடமோ, "அறுக்க ஆள் பாத்துட்டிருக்கோம்" என்கிறார். இருபத்திரண்டு வருடமாக அறுப்பது நான். ஏறுவதும் கயிறு கட்டி இழுப்பதும் அவர். ஏணி ஒருமுறை சறுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்ததற்கு நான் செத்தா போய்விட்டேன்?

மார்ச் 5, வியாழன்

பழைய மெஷின் எனக்கு இனி ஆகாது, எருமைக் கனம். நடுத்தர அளவில் ஐம்பது சிசி புதிது வந்துவிட்டது, வெறும் எஞ்சின் மட்டும். பார் தகடும் அதைச் சுற்றி ஓடும் செயினும் நாம்தான் பார்த்துப் போட வேண்டும்.

காலையிலிருந்து அதே சண்டை. இவருக்கு இருபது அங்குலத் தகடு வேண்டும். வேலை தருகிறவர்கள் பார்த்ததும் நம்ப வேண்டுமாம். மீசையா வாங்குகிறோம்? அந்த நீளத்தை இழுக்க ஐம்பது சிசிக்கு மூச்சு முட்டும், முன்பக்கம் கனத்து என் மணிக்கட்டைத்தான் பதம் பார்க்கும். நமக்கு வருவதில் முக்கால்வாசி ஒன்றேகால் அடிக்குள் அடங்குகிற தண்டு. அதைவிடப் பருமன் என்றால் இரண்டு பக்கமும் அறுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். எனக்குப் பதினாறு அங்குலம் போதும்.

செயினிலும் அப்படித்தான். கூர்முனைப் பல் வேகமாக அறுக்கும், கொஞ்சம் மண் பட்டால் மழுங்கிவிடும். முனை உருண்ட பல் மெதுவாகத்தான் போகும், ஆனால் நாள் முழுக்கத் தாங்கும். எனக்குத் தாங்குவதுதான் வேண்டும்.

கடைசியில், "கையில பிடிக்கப் போறது நீங்களா நானா?" என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

பதினாறு அங்குலத் தகடு வாங்கியாகிவிட்டது. செயின் தீர்ந்துவிட்டதாம், திங்கள்கிழமை வரும்.

மார்ச் 9, திங்கள்

நான் பிசியோவில் இருந்த நேரத்தில் இவரே போய்ச் செயின் வாங்கி வந்துவிட்டார். தகட்டின் விளிம்புப் பள்ளமான காடிக்குள் ஓடும் அடிப்பற்களை எண்ணினேன். அறுபத்தாறு, சரி. செயினை இழுக்கும் சக்கரத்தில் அச்சாக உட்கார்ந்தது. சந்தோஷமாக இருக்கிறது. எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்.

மார்ச் 11, புதன்

வெட்டு கோணுகிறது.

நேராகத்தான் பிடித்தேன் — பிடித்தேனா? பாதி வரை ஒழுங்காக இறங்கிவிட்டு வலது பக்கம் வளைகிறது. மூன்று தடவை. மூன்று துண்டும் சரிவான மூடி மாதிரி வந்தன. இவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாக, "கை இன்னும் தேறல. விடு" என்றார்.

பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரி வளாகத்தில் பட்டமரம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் படுக்கவைக்க வேண்டும், வெட்டு கோணினால் ஜன்னல் மேல் சாயும். திங்கள்கிழமை வேறு ஆள் வந்து பார்க்கப் போகிறானாம். மகள் போன் பண்ணி, வேலை கேட்டு வருகிற போனை எடுத்துப் பேசவும் ஒரு ஆள் வேண்டும்தானே அம்மா என்கிறாள். எல்லாரும் பேசி வெச்சுட்டாங்க. என்கிட்ட மட்டும் சொல்லல.

குளியலறையில் அழுதேன்.

மார்ச் 12, வியாழன்

தளும்பத் தளும்ப ஒரு தம்ளர் தண்ணீரை வலது கையில் பிடித்துக்கொண்டு வீட்டை மூன்று சுற்று நடந்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

மார்ச் 13, வெள்ளி

கோளாறு கையில் இல்லையென்றால் மெஷினில்தான். விடிந்ததும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செயினை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது! காடிக்குள் நிமிர்ந்து நிற்காமல் பக்கவாட்டில் சாய்கிறது. தகட்டின் அடியில் காடியின் அகலம் 1.5 மில்லிமீட்டர் என்று பொறித்திருக்கிறது. செயின் வந்த அட்டைப்பெட்டியைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அடிப்பல்லின் கனம் 1.3.

எப்படிக் கேட்டு வாங்கினீர்கள் என்றேன். பல் இடைவெளியும் எண்ணிக்கையும் சொன்னாராம். கனம்? அதைக் கேட்கும் பழக்கமே இவருக்குக் கிடையாது. பழைய மெஷினுக்கு எது வேண்டும் என்று கடைக்காரருக்கே தெரியும், எடுத்துத் தந்துவிடுவார். என் மேலும் தப்பு இருக்கிறது. அறுபத்தாறை எண்ணிவிட்டு எல்லாம் தெரிந்தவள் போல மாட்டிவிட்டேன்.

வித்தியாசம் இரண்டு தாள் கனம்தான் வரும். "இதுக்குப் போய் என் கையைக் குறை சொன்னீங்க" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு போனார். சரியான செயினோடு வந்தார். பெட்டியின் மேல் மூன்று எண்களையும் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். மன்னிப்பெல்லாம் இவர் வாயில் வராது.

சாயங்காலம் ஐந்து துண்டு அறுத்தேன். தரையில் வைத்தால் ஆடாமல் நிற்கின்றன.

மார்ச் 16, திங்கள்

அந்த ஆள் வந்தான். பதினாறு அங்குலத்தைப் பார்த்துவிட்டு, "இதுல காய் நறுக்கலாம்க்கா" என்றான். ஆஸ்பத்திரி மரம் இருபத்திரண்டு அங்குலமாம். இவர் அவனிடம் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புதன்கிழமை நானே அறுக்கிறேன் என்று இருவர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

மார்ச் 18, புதன்

மரம் விழும் பக்கம் ஆப்பு வடிவில் வாய் வெட்டினேன். பிறகு பின்னால் ஒரு பக்கத்திலிருந்து பாதி, சுற்றி வந்து மறுபக்கத்திலிருந்து பாதி. இரண்டு வெட்டும் ஒரே கோட்டில் சேர்ந்தன. வாய்க்கும் பின்வெட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் கனம் அறுக்காமல் விட்டுவிட்டு விலகிக் கை காட்டினேன். இவர் தூரத்திலிருந்து கயிற்றை இழுத்தார். மரம் கட்டடங்களுக்கு நடுவில் நீட்டிப் படுத்துவிட்டது. ஒரு கண்ணாடி உடையவில்லை.

இவர் அடிக்கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை தடவிப் பார்த்தார். மணிக்கட்டு வலிக்கிறது. வலிக்கட்டும்.

மார்ச் 20, வெள்ளி

இன்னொரு செயின் வாங்கக் கடைக்குப் போனோம். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். இவர் பல் இடைவெளி, கனம், எண்ணிக்கை என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னார். இருபது அங்குலம் வேண்டும் என்றீர்களே, அறுக்க ஆள் கிடைத்தாச்சா என்று கடைக்காரர் கேட்டார்.

"அறுக்கிறவங்க கேட்டது பதினாறு" என்றார் இவர். "வெளிய நிக்கிறாங்க. சந்தேகம்னா அவங்களையே கேளுங்க."

நான் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.