நீட்டிய கையில் திருநீறு

1944, ஆடிக் கிருத்திகை. இரவு.

காவடியோடு மலைப்படியில் பாதிதான் ஏறியிருப்பேன். தலையை இடப்பக்கம் திருப்பியதும் காது இரைந்தது, படிகள் சுழன்றன. விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன்.

"எங்க வூட்டுக்காரருக்கு சாமி வந்துகினு இருக்குது, யாரும் தொடாதீங்க!" என்று கத்தினாள் என் மனைவி சரசு.

எல்லோரும் விலகி நின்றார்கள். நீட்டிய கையில் திருநீற்றுத் தட்டை வைத்தார்கள். ஒரு கிழவர் காலில் விழுந்தார்.

இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. முதல் இரண்டையும் சரசுவிடம் சொல்லவில்லை. இன்று அவள் முகத்திலிருந்த பெருமையைப் பார்த்தபின் எப்படிச் சொல்வது? இப்போதும் இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் கூரை சுற்றுகிறது.

நாளைச் சாயங்காலம் அரக்கோணத்தில் வேலை. ரயில் பாதையோரச் சிக்னல் கம்பங்களில் ஏறி விளக்கு வைக்க வேண்டும். உச்சியில் நிற்கும்போது சாமி வந்தால்?