இருட்டில் வந்த பாட்டு

ஜூன் 9, செவ்வாய்

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்குக் கோபப்படாதீங்க. அத்தை தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. உங்கள் அம்மாவுக்கு முன்னால் கடிதத்தில் எழுத முடியாததெல்லாம் இந்த டைரியில். மஸ்கட்டுக்கு அனுப்புவேனா, தெரியாது.

பகலெல்லாம் புழுக்கம். சிறுமலைப் பக்கம் வெறும் மின்னல். வாங்க வேண்டியது: ரவை, சீமெண்ணெய், நம்ம ஸ்டெல்லாவுக்கு ரிப்பன்.

சாயங்காலம் சினிமா நோட்டீஸ் வண்டி. போன வருஷம் மூணு பேரும் பார்த்தோமே தவளைக் கார்ட்டூன், அதன் இரண்டாம் பாகமாம், அதே தவளைப் பாட்டு இதிலும் உண்டாம். அப்போது ஸ்டெல்லா எத்தனை நாள் அந்தப் பாட்டையே பாடிக்கொண்டு திரிந்தாள்! தெருமுனையில் மைக் சத்தம் கேட்டாலே ஓடுகிறவள், இன்று வாசலில் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். நோட்டீஸ் பறந்து மடியில் விழுந்த பிறகுதான் எழுந்தாள்.

அவளுக்கு வந்த அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் இப்படித்தான். அத்தை: "கூப்பிட்டா திரும்புறாளா பாரு, திமிரு. நீ குடுக்கிற செல்லம்."

ஜூன் 10, புதன்

அவள் முதுகுக்குப் பின்னால் தாம்பாளத்தைக் கீழே போட்டேன். திரும்பினாள்! அழுகையே வந்துவிட்டது. பிறகு சந்தேகம். தரை அதிர்ந்திருக்குமோ? கையில் பிடித்துக்கொண்டு கரண்டியால் அடித்தேன். திரும்பவில்லை. இன்னும் பலமாக. இல்லை.

பி.எஸ்ஸி. படிக்காமலே இருந்திருக்கலாம்; முதல் சத்தத்தோடு நிம்மதியாகியிருப்பேன்.

ஜூன் 13, சனி

மேட்டினி. அத்தை வரவில்லை.

டிக்கெட் கிழிப்பவர், "பாட்டெல்லாம் வெட்டியாச்சுக்கா. அடுத்த ஆட்டத்துக்கு நேரம் பத்தல" என்றார். இங்கிலீஷ் படமென்றால் இங்கே எப்போதும் அப்படித்தானே. படியேறிப் படம் ஓட்டுகிற ஆபரேட்டரிடம் கெஞ்சினேன். "ஒரே ஒரு பாட்டுண்ணே. பிள்ளை அதுக்குத்தான் வந்திருக்கா."

"அம்புட்டுத்தானே தங்கச்சி? வெட்டின துண்டை ஒட்டிப் போட்டுர்றேன். எவனாச்சும் விசிலடிச்சா நிறுத்திருவேன், ஆமா."

நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான். முன்சீட்டுப் பிள்ளைகள் குலுங்கிச் சிரித்த பிறகே இவளும் சிரித்தாள். ஒவ்வொரு தடவையும் செத்த நேரம் கழித்து.

பாட்டு வந்தது. குளத்தில் நிலா மறைந்து திரை முழுக்கக் கும்மிருட்டு. இருட்டுக்குள் தவளைகள் எல்லாம் சேர்ந்து பாடுகின்றன, அவள் பாடித் திரிந்த அதே பாட்டு. கொட்டகையே கைதட்டுகிறது.

ஸ்டெல்லா என் கையைப் பிடித்து, உரக்க: "ம்மா, கரண்ட் போயிருச்சா?"

முன்னால் ஒருவர், "பாட்டு ஓடுது பாப்பா!" வரிசையே சிரித்தது. திரையில் வெளிச்சம் வந்ததும் அவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

வெளியே ஆபரேட்டர், "என்ன பாப்பா, சந்தோசமா?" அவர் வாயையே பார்த்துத் தலையாட்டினாள்.

ஜூன் 14, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து அத்தையிடம் சொல்லிவிட்டேன். மதுரை டாக்டரிடம் காது சோதனைக்குப் போக வேண்டும் என்று.

"போனா செவிடுன்னு பேராயிரும். நாளைக்கு எவன் கட்டுவான்? அந்தோணியாருக்கு மெழுகுதிரி கொளுத்து, போதும். எம் மகன் சொல்லட்டும், பாப்போம்."

காது திரும்பும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் பேச்சும் போகிறதே. வார்த்தைகளின் நுனி தேய்கிறது. என்னை 'ம்மா' என்றுதான் கூப்பிடுகிறாள் இப்போது.

உங்களுக்கு அனுப்ப இந்தப் பக்கங்களைக் கிழித்தெடுத்துவிட்டேன். காலையில் தபாலில். மதுரைக்குக் கூட்டிப் போகட்டும் என்று அத்தை பேருக்கு நீங்க ஒரே ஒரு வரி எழுதினால் போதும். சீக்கிரம் பதில் போடுங்க.